இரண்டு தரம் கூப்பிட்டார்கள்

ஃபிரவ் லூத்தி என்னை ஆபிரிக்காவுக்கு வரச்சொல்லிக் கேட்டபோது நான் அவருடைய காலுக்கு இறுக்கமான காலுறையை ஏற்றிக்கொண்டிருந்தேன். இரத்த ஓட்டத்துக்காகப் போடுவது, இரண்டு காலுக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் பிடிக்கும். அந்தப் பத்து நிமிடமும் அவர் ஒன்றும் கதைக்காமல் யன்னலால் ஆரே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். அன்றைக்குக் கதைத்தார்.

"பாலைவன நாடு, ஃபிரவ் இராஜேந்திரன். ஆனால் நான் போகிற இடத்தில் மலை இருக்கிறது, மலைக்கு மேலே காடு இருக்கிறது. ஒரு கிழமைதான். நீங்கள் வந்தால் உங்களோடு போவேன். வராவிட்டால் தனியாகப் போவேன்."

அவருக்கு எண்பத்தொரு வயது. இருதயம் பலவீனம். நான் சுவிஸில், சோலோதுர்ன் நகரத்தில் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கும் வேலைக்கு வந்து பதினேழு வருடம். அவரிடம் மூன்று வருடமாகப் போய்வருகிறேன். மூன்று வருடத்தில் அவர் என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. என் கணவரின் பெயரோடு, திருமதி என்கிற மாதிரி, 'ஃபிரவ்' சேர்த்துத்தான் கூப்பிடுவார். கோபமும் படமாட்டார், கொஞ்சவும் மாட்டார்.

அன்றைக்குத்தான் தன் மகள் ரெகுலாவைப் பற்றிச் சொன்னார். நாற்பது வருடத்துக்கு முந்தி அவருடைய கணவர் வால்ட்டர் காட்டு அதிகாரியாக ஜிபூத்திக்கு அனுப்பப்பட்டிருக்கிறார். நாடு முழுக்கக் கல்லும் உப்பும். வடக்கிலே ஒரு மலை உச்சியில் மட்டும் ஜூனிப்பர் மரங்கள் அடர்ந்த காடு. அதைக் காப்பாற்ற வழி பார்க்கிறதுதான் வேலை. இரண்டு வருடம் மூன்று பேரும் அந்த மலையிலேயே இருந்தார்கள். ஐந்து வயது மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது மழை பெய்து பாதை அறுந்துபோயிருந்தது. நாலாம் நாள் பிள்ளை முடிந்துவிட்டது. கீழே கொண்டுபோக வழியில்லாமல் ஒரு ஜூனிப்பர் மரத்தடியிலேயே அடக்கம் செய்தார்கள்.

"அந்த இடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும்," என்றார். "அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு எப்படி மாட்டேன் என்று சொல்வது?

வீட்டில் என் மகள் சிவதர்சினி குதித்தாள். அவள் பேர்ணில் தாதி.

"அம்மா, உங்களுக்கு விசரே? எண்பத்தொரு வயசு மனுசி. அங்கை ஏதும் நடந்தா ஆர் பொறுப்பு?"

"நான் போகாட்டியும் அவ போகத்தான் போறா. தனியப் போனா என்ன நடக்கும், சொல்லு பாப்பம்?"

"அது உங்கடை பிரச்சினை இல்லை அம்மா."

என் கணவர் தொழிற்சாலை வேலையால் வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒன்று சொன்னார். "போறதெண்டா போட்டு வா. ஆனா அவ ஏன் உன்னைக் கேக்கிறா எண்டு ஒருக்கா யோசி. சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லையோ?"

தூண் என்ற நகரத்தில் ஒரு பெறாமகன், தங்கையின் மகன், இருந்தார். அவரிடம் சொல்லிவிட்டீர்களா என்று ஃபிரவ் லூத்தியிடம் கேட்டேன். "அவனுக்கு வேலை அதிகம்," என்றார். சொல்லவில்லை என்று அதற்கு அர்த்தம். எனக்கு அது அப்போதே விளங்கியது. இருந்தும் அதை மேலே கொண்டுபோகவில்லை. ஒவ்வொரு திங்களும் அவருடைய மருந்துக் குளிசைப் பெட்டியை நான்தான் நிரப்புவேன். பயணத்துக்கு முதல்நாள் போனபோது தானே நிரப்பிப் பையில் வைத்துவிட்டதாகச் சொன்னார். பாவம், உற்சாகமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

தை மாதம். சூரிச்சில் பனி கொட்டியது. அடிஸ் அபாபாவில் விமானம் மாறி ஜிபூத்தியில் இறங்கியபோது முகத்தில் அடுப்பைத் திறந்த மாதிரி இருந்தது. இதுதான் குளிர்காலம் என்று ஃபிரவ் லூத்தி சொன்னார். அடுத்தநாள் காலையில் வளைகுடாவைக் கடக்கிற கப்பலில் ஏறினோம். ஆடுகள், அரிசி மூட்டைகள், குழந்தைகளோடு பெண்கள் எல்லாரும் ஒரே தளத்தில். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று தண்ணீரைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இனிமேல் என்னை மார்கிரிட் என்று கூப்பிடு. நான் உன்னைப் புனிதா என்று கூப்பிடுகிறேன்," என்றார்.

சுவிஸ்காரர் வயதில் மூத்தவர் அப்படிச் சொல்வது பெரிய விசயம். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். மூன்று வருடம் சொல்லாததை இப்போது ஏன் சொல்கிறார்?

அக்கரையில், தஜூராவில், ஒரு பழைய ஜீப்போடு ஹுமெத் காத்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், மருதோன்றி பூசிச் சிவந்த தாடி. அவருடைய தகப்பன் வால்ட்டரிடம் வேலை செய்தவர். ஹுமெத்துக்கு அவர்களின் அஃபார் மொழியும் பிரெஞ்சும் தெரியும். எனக்கு இரண்டும் தெரியாது. முப்பது வருடம் சுவிஸில் இருந்தும் நான் ஜெர்மன் பக்கத்து ஆள். பிரெஞ்சில் வணக்கம், நன்றிக்கு மேல் ஒன்றும் வராது. ஃபிரவ் லூத்தி எனக்கு மொழிபெயர்ப்பார் என்பது ஏற்பாடு.

ஹுமெத் அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்தபடி நெடுநேரம் கதைத்தார். சிரிக்கவில்லை. மலைப் பக்கம் கையைக் காட்டினார். பிறகு கையை மேலிருந்து கீழே சரித்துக் காட்டினார். ஃபிரவ் லூத்தியின் முகம் அசையவில்லை.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"என் கணவரை அவருக்கு ஞாபகம் இருக்கிறதாம்."

அவ்வளவு நீளப் பேச்சுக்கு அவ்வளவுதான் அர்த்தம்.

ஜீப் ஏறத் தொடங்கியது. கறுப்புக் கல், கறுப்புக் கல், பிறகும் கறுப்புக் கல். பாதையோரத்தில் ஒரு ஆடு கடதாசி மட்டையைத் தின்றுகொண்டிருந்தது. இரண்டு மணித்தியாலத்தில் காற்றுக் குளிர்ந்தது. நான் கம்பளிச் சட்டையை எடுத்து அவருக்குப் போர்த்திவிட்டேன். ஒரு வளைவு திரும்பியதும் ஹுமெத் வேகத்தைக் குறைத்தார். காடு வந்துவிட்டது.

நான் பச்சையை எதிர்பார்த்திருந்தேன். சாம்பல் நிறம். மலைச்சரிவு முழுக்கப் பெரிய பெரிய மரங்கள், ஆயிரக்கணக்கில், இலை ஒன்றும் இல்லாமல் நின்றபடியே செத்துப்போயிருந்தன. பட்டை உரிந்து எலும்பு மாதிரி வெளுத்திருந்தன. சில விழுந்து கிடந்தன. சில, விழ இடமில்லாமல் பக்கத்து மரத்தில் சாய்ந்து கிடந்தன. காற்று அடித்தது, ஒரு கிளையும் அசையவில்லை. பள்ளங்களில் மட்டும் அங்கொன்று இங்கொன்றாகப் பச்சை.

"வால்ட்டர் சொன்னார்," என்றார் ஃபிரவ் லூத்தி. "ஐம்பது வருடத்தில் முடிந்துவிடும் என்று. பத்து வருடம் முந்திவிட்டது."

அவர் அழவில்லை. ஜீப்பின் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

தங்குமிடம் என்றால் உச்சிக்குப் பக்கத்தில் பாய் வேய்ந்த ஆறேழு வட்டக் குடிசைகள். வேறு விருந்தாளிகள் இல்லை. சமைக்கிறதற்கு ஒரு பெண், கழுதையில் தண்ணீர் கொண்டுவருகிற இரண்டு ஆட்கள். எங்களை இறக்கிவிட்டு, ஜீப்பைக் கூட வந்த தம்பியிடம் கொடுத்துக் கீழே ரண்டா ஊருக்கு அனுப்பிவிட்டு, ஹுமெத்தும் மேலேயே தங்கினார். சமைக்கிற பெண் எனக்குச் சோறும் ஆட்டிறைச்சியும் வைத்தபோது கன்னத்தைத் தட்டினாள். ஃபிரவ் லூத்திக்கு வைத்தபோது முகத்தைத் திருப்பி முக்காட்டை இழுத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் தேடினோம். தேடினோம் என்றுதான் அப்போது நினைத்தேன். அவர் இரண்டு கைத்தடியோடு செத்த மரங்களுக்கு நடுவே நடப்பார். நான் பின்னால் தண்ணீர்ப் போத்தலோடு நடப்பேன். ஹுமெத் கொஞ்சம் தள்ளி வருவார். குரங்குக் கூட்டம் ஒன்று பாறைமேல் இருந்து எங்களைப் பார்க்கும், சத்தம் போடாது. குருவிச் சத்தம்கூட அருமை. சப்பாத்துக்குக் கீழே சுள்ளி முறியிற சத்தம் மட்டும்தான்.

இரண்டாம் நாள் மத்தியானம் எனக்கு ஒரு விசயம் பிடிபட்டது. புதைகுழியைத் தேடுகிறவர் நிலத்தைப் பார்ப்பார். இவர் நிலத்தைப் பார்க்கவேயில்லை. மரங்களைத் தடவினார், தூரத்தைப் பார்த்தார். மேற்குச் சரிவின் விளிம்பு வரும்போது மட்டும் நின்று கீழே பார்த்தார். அந்தப் பக்கம் போக ஹுமெத் விடவில்லை. குறுக்கே வந்து நின்று கையை விரித்தார்.

"கல் வழுக்கும் என்கிறார்," என்றார் ஃபிரவ் லூத்தி.

அன்றைக்குச் சாப்பாட்டின்போது ஹுமெத் நேரே என் கண்ணைப் பார்த்து ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாக ஏதோ சொன்னார். நான் ஃபிரவ் லூத்தியைப் பார்த்தேன்.

"சாப்பாடு பிடித்திருக்கிறதா என்று கேட்கிறார்."

நான் ஹுமெத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு பலமாகத் தலையாட்டினேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு எழும்பிப் போனார்.

புதன்கிழமை காலை. ஃபிரவ் லூத்தி முகம் கழுவப் போயிருந்தார். குளிசைப் பெட்டி கட்டிலில் திறந்து கிடந்தது. ஏழு நாளுக்கு ஏழு வரிசை. பதினேழு வருடப் பழக்கம், கண் தானாக அதில் போனது. புதனுக்கும் வியாழனுக்கும் மட்டும் குளிசை இருந்தது. வெள்ளியில் இருந்து ஒன்றுமில்லை. எங்கள் விமானம் ஞாயிறு.

அவர் திரும்பிவந்ததும் கேட்டேன்.

"மிச்சம் பெரிய பையில் இருக்கிறது," என்றார் துவாயால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு.

அவர் தேத்தண்ணி குடிக்க வெளியே போனதும் நான் பெரிய பையைத் திறந்து பார்த்தேன். இன்னொருவரின் பையைக் கேட்காமல் திறப்பது எங்கள் வேலையில் பெரிய பிழை. குளிசை ஒன்றும் இல்லை. கீழே ஒரு குழந்தையின் கம்பளித் தொப்பி இருந்தது. அதற்குக் கீழே, செத்தவீட்டுக்குப் போடுகிற மாதிரி, மடித்து வைத்த ஒரு நல்ல கறுப்புச் சட்டை. திரும்பிவருவதற்கான உடுப்பு ஒன்றுமே இல்லை.

போனைக் கையில் எடுத்துக்கொண்டு ஹுமெத்தைத் தேடிப் போனேன். போனைக் காட்டினேன். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. முன்னால் நடந்து என்னைக் கிழக்குப் பக்கத்துப் பாறை ஒன்றுக்கு ஏற்றிவிட்டார். அங்கே மட்டும்தான் தொடர்பு கிடைக்கும்.

செசீலியாவுக்கு எடுத்தேன். செசீலியா மன்னார்க்காரி. சுவிஸ் வந்த புதிதில் நானும் அவளும் ஒரே அகதி முகாமில் ஒரே அறையில் இருந்தவர்கள். இப்போது லோசானில் ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. அவளுக்குப் பிரெஞ்சு தண்ணிபட்ட பாடு.

"என்னடி இந்த நேரத்திலை? பொறு, இஞ்சை ஒரே சத்தம். வெளியிலை வாறன்."

"செசீலியா, நான் ஒராளிட்டைப் போனைக் குடுக்கிறன். அவர் சொல்லுறதை அப்பிடியே எனக்குச் சொல்லு. ஒண்டையும் விடாதை."

ஹுமெத் போனை வாங்கி வாய்க்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு கதைத்தார். தஜூராவில் காட்டிய அதே மாதிரிக் கையை மேலிருந்து கீழே சரித்தார். பிறகு போனைச் சத்தமாக வைத்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே பிடித்தார். செசீலியாவின் குரல் வெளியே வந்தது.

"புனிதா, நீ நிக்கிறியோ இருக்கிறியோ? இரு."

"சொல்லடி."

"அந்தப் பிள்ளையின்ரை குழி இப்ப இல்லையாம். பதினொரு வருசத்துக்கு முதல் பெரிய மழை வந்து மேற்குப் பக்கத்துச் சரிவை அப்பிடியே அள்ளிக்கொண்டு போட்டுதாம். மரம், மண், எல்லாம். இதை அவர் முதல் நாளே, கப்பலாலை இறங்கின உடனை அந்த அம்மாட்டைச் சொல்லிப்போட்டாராம்."

நான் ஹுமெத்தைப் பார்த்தேன். அவர் தலையாட்டினார்.

"இன்னும் இருக்கு. தான் இஞ்சை செத்தா இஞ்சையே அடக்கம் செய்வீங்களோ எண்டு கேட்டவவாம். அப்பிடிக் கதைக்கக் கூடாது எண்டு இவர் சொன்னாராம். பிறகு நேற்றுச் சொன்னவவாம், வியாழக்கிழமை உன்னைத் தனிய ஜீப்பிலை கீழை அனுப்பச்சொல்லி. தனக்குப் பெறாமகன் வந்து சேருவான் எண்டு. இவர் அதை நம்பேல்லை." அவள் மூச்சை இழுத்தாள். "உன்னட்டையும் சொன்னாராம், புனிதா. நேரே உன்ரை முகத்தைப் பார்த்து. இவவைக் கீழை கொண்டு போ, இவ இஞ்சை சாக வந்திருக்கிறா எண்டு. நீ சிரிச்சுக்கொண்டு தலையாட்டினியாம்."

பாறை குளிர்ந்து கிடந்தது. அதிலேயே இருந்துகொண்டு ஜீப் எப்போது வரும் என்று கேட்கச் சொன்னேன்.

ஜீப் அடுத்தநாள் காலை எட்டு மணிக்குத்தான் வரமுடியும் என்று ஹுமெத், செசீலியா மூலம் சொன்னார். தம்பி தஜூராவுக்குப் போயிருந்தான். சரி என்றேன். அதுவரைக்கும் நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்க வேண்டும். எட்டு மணிக்கு வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டுச் சொல்லியிருக்கலாம். என்னால் முடியவில்லை. பின்னேரம் அவர் குடிசை வாசலில் கதிரையில் இருந்தபோது போய் முன்னால் குந்தினேன்.

"மார்கிரிட், எனக்கு எல்லாம் தெரியும். நாளைக்கு எட்டு மணிக்கு ஜீப் வருகிறது. இரண்டு பேரும் போகிறோம்."

சத்தம் போடுவார், மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"நீ கெட்டிக்காரி," என்றார். "சரி."

அன்றைக்கு அவர் நன்றாகச் சாப்பிட்டார். சமைத்த பெண்ணுக்கு நன்றி சொன்னார். கண்ணாடியைத் துடைத்து உறைக்குள் வைத்தார். நான் என் பாயை இழுத்து வாசலுக்குக் குறுக்கே போட்டுப் படுத்தேன். என்னைத் தாண்டாமல் போகமுடியாது என்ற நினைப்பு.

விடிந்தபோது கட்டில் வெறுமை. போர்வை நாலாக மடித்து வைத்திருந்தது. பின்பக்கத்துப் பாயைக் கீழிருந்து தூக்கிவிட்டு அதற்குள்ளால் போயிருக்கிறார், எண்பத்தொரு வயது மனுசி. கைத்தடி இரண்டும் அப்படியே கிடந்தன. நான் குழறினேன். வெளியே ஒன்றும் தெரியவில்லை. மூடுபனி அடுத்த குடிசையையே விழுங்கியிருந்தது. ஹுமெத்தும் தண்ணீர் கொண்டுவருகிற ஆட்களும் ஓடிவந்தார்கள். ஹுமெத் கையால் திசை பிரித்தார்: ஒராள் பாதைப் பக்கம், ஒராள் கிணற்றுப் பக்கம், தான் மேற்குச் சரிவின் தெற்கு முனைக்கு. என்னை அசையாமல் நிற்கச் சொல்லிச் சைகை காட்டினார்.

நான் நிற்கவில்லை. இரண்டு நாளும் அவர் எந்த இடத்தில் பார்த்துக்கொண்டு நின்றார் என்று எனக்கும் தெரியும்.

பனிக்குள் மரங்கள் ஒவ்வொன்றாக ஆள் வந்து நிற்கிற மாதிரி முன்னால் வந்தன. ஒவ்வொன்றையும் அவர் என்று நினைத்தேன். கையால் தொட்டுத் தொட்டுப் போனேன். ஈரமாக, பிசுபிசுப்பாக இருந்தன. நிலம் சரியத் தொடங்கியதும் குந்தியிருந்து நகர்ந்தேன். அப்போது ஒரு கறுப்புச் சட்டை தெரிந்தது.

விழுந்து கிடந்த ஒரு ஜூனிப்பர் மரத்தில் இருந்தார். மரத்தின் மற்றப் பாதி அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. அவருடைய காலுக்கு முன்னால் ஒரு அடி நிலம். அதற்குப் பிறகு வெள்ளைப் பனி, வேறு ஒன்றுமில்லை. தொப்பி மடியில் இருந்தது.

"கிட்ட வராதே, புனிதா."

நான் நாலடி தள்ளி நின்றேன். பிறகு மெல்ல மெல்ல வந்து மரத்தின் மறுநுனியில் இருந்தேன். அவர் தடுக்கவில்லை.

"எங்கள் நாட்டில் சாக உதவி கேட்பதற்குச் சட்டப்படி படிவம் இருக்கிறது," என்றார். சாதாரணமாக, கடைக்குப் போகிறதைப் பற்றிக் கதைக்கிற மாதிரிக் கதைத்தார். "வைத்தியர் கையெழுத்துப் போடுவார். வரவேற்பறையில் வைத்து, நாகரிகமாக. நான் பதிந்தும் வைத்தேன். பிறகு யோசித்தேன், அந்த வரவேற்பறையில் எனக்கு யார் இருக்கிறார்கள்? இங்கே அவள் இருந்தாள்."

"இங்கேயும் இல்லையே."

"கீழே எங்கேயோ இருக்கிறாள்." பனியைக் காட்டினார். "நான் உன்னைக் கூட்டிவந்தது பிழை. இவ்வளவு தூரம் தனியாக வர உடம்பு விடாது என்று பயந்தேன். உன்னை என் தேவைக்குப் பாவித்தேன். மன்னித்துக்கொள். இப்போது நீ எழும்பித் திரும்பிப் போ. என்னைக் காணவில்லை என்று சொல். அவ்வளவுதான் நான் கேட்பது."

அப்போதுதான் தூரத்தில் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. ஹுமெத். "பு-னி-தா!" என்று என்னைத்தான் கூப்பிட்டார். ஃபிரவ் லூத்தி சொல்லிக் கேட்ட பெயர். பனிக்குள் எந்தப் பக்கம் என்று பிடிபடவில்லை.

நான் வாயைத் திறக்கவில்லை.

இதை நான் உள்ளபடி சொல்லவேண்டும். பயத்தில் குரல் வரவில்லை என்று சொல்லலாம், எல்லாரும் நம்புவார்கள். குரல் வந்திருக்கும். பதினேழு வருடத்தில் எத்தனை பேரைக் கழுவித் துடைத்து, கதிரையில் தூக்கி வைத்து, யன்னல் பக்கம் திருப்பிவிட்டுப் போயிருக்கிறேன். அடுத்த நாள் போய்த் திரும்பவும் தூக்கி, திரும்பவும் யன்னல் பக்கம். அந்த மனுசி கேட்பதில் என்ன பிழை என்று ஒரு யோசனை எனக்குள் வந்தது. எழும்பிப் போனால் என்ன? யாருக்குத் தெரியும்? யோசனை வந்தது மட்டுமல்ல, அது எனக்குச் சுகமாகவும் இருந்தது.

"பு-னி-தா!"

இரண்டாம் தரம். கிட்ட வந்திருந்தது. அதற்கும் நான் பேசாமல் இருந்தேன். ஃபிரவ் லூத்தி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கண்ணாடி இல்லாத கண். என்ன நடக்கிறது என்று அவருக்கு விளங்கிவிட்டது. நன்றி சொல்கிற மாதிரி ஒருமுறை தலையசைத்தார்.

அந்த நேரம் பார்த்துக் காற்றடித்துப் பனி பிளந்தது. காலுக்குக் கீழே சரிவு முழுவதும் தெரிந்தது. கழுவிப்போன சிவந்த மண், பாறை, அடிவாரத்தில் தீக்குச்சி கொட்டின மாதிரிக் குவிந்து கிடந்த நூற்றுக்கணக்கான செத்த மரங்கள். அவ்வளவு ஆழம் என்று நான் நினைக்கவில்லை. அவரும் நினைக்கவில்லைப் போலிருக்கிறது. அவருடைய உடம்பு ஒருமுறை முன்னால் அசைந்தது. அடுத்த கணம் அவருடைய கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. ஐஸ் மாதிரிக் கை. நகம் பதிந்தது.

நான் மற்றக் கையால் அவருடைய சட்டையை அள்ளிப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். இரண்டு பேரும் மரத்துக்கு இந்தப் பக்கம் மல்லாக்க விழுந்தோம். தொப்பி அவருடைய கையைவிட்டு விளிம்புக்கு அப்பால் போனது.

"இஞ்சை! இஞ்சை நிக்கிறம்!" என்று தமிழில் கத்தினேன். அவர்களுக்கு எந்த மொழியில் கத்தினாலும் ஒன்றுதான்.

கட்டில் ஒன்றைக் கொண்டுவந்தார்கள், என்னோடு சேர்த்து நாலு பேராகத் தூக்கிப் போனோம். சமைக்கிற பெண் ஓடிவந்து அவருடைய காலை மடியில் வைத்துத் தேய்த்தாள். முக்காடு விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. ஜீப் எட்டரைக்கு வந்தது. மலை இறங்கும்வரையும், கப்பலிலும், இரண்டு விமானத்திலும் ஃபிரவ் லூத்தி என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. குளிசையை ஜிபூத்தியில் ஒரு மருந்துக்கடையில் வாங்கிக் கொடுத்தேன். வாயைத் திறந்து வாங்கினார், விழுங்கினார். முகம் மட்டும் மற்றப் பக்கம்.

சூரிச் விமான நிலையத்துக்குத் தூண் நகரத்தில் இருந்து பெறாமகன் வந்திருந்தார். நான்தான் எடுத்துச் சொன்னேன். அவர் என் கையைக் குலுக்கி, "நீங்கள் அவரின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறீர்கள்," என்றார். சக்கர நாற்காலியில் இருந்த ஃபிரவ் லூத்தி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

அடுத்த கிழமை அலுவலகத்தில் இருந்து அழைப்பு வந்தது. ஃபிரவ் லூத்தி வேறு ஆளைக் கேட்கிறாராம். பங்குனியில் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார். நானும் போகவில்லை. வேறு வீடுகள், வேறு ஆட்கள். சிவதர்சினிக்கும் அவளின் தகப்பனுக்கும் நடந்ததெல்லாம் சொன்னேன். "நான் சொன்னனான்தானே," என்றாள் மகள். பிறகு என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். இரண்டு தரம் பேசாமல் இருந்ததை நான் சொல்லவில்லை.

ஐப்பசியில் இல்லத்தில் வேலை செய்கிற சரணியா என்ற பிள்ளை வீதியில் கண்டு மறித்தாள். "அன்ரி, அந்த ஃபிரவ் லூத்தி உங்களை வரச்சொன்னவ. மூண்டு தரம் சொல்லிப்போட்டா."

போனேன். மெலிந்துபோயிருந்தார். நான் கதிரையை இழுத்துப்போட்டு இருக்கிறதுக்குள்ளேயே கேட்டார்.

"அவர்கள் இரண்டு தரம் கூப்பிட்டார்கள். நீ ஏன் பேசாமல் இருந்தாய்?"

ஒன்பது மாதம் இதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

"நீங்கள் சொன்னது சரி என்று நினைத்தேன்," என்றேன். "அந்த நேரம்."

"பிறகு?"

"நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள்."

அவர் தன்னுடைய கையைத் தூக்கி, யாருடையதையோ பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

"குளிராக இருந்தது," என்றார். "அதனால்தான்."

அது உண்மையா என்று நான் கேட்கவில்லை. அவரும் என்னை வேறொன்றும் கேட்கவில்லை. தேத்தண்ணி வந்தது, கோப்பையைப் பிடித்துக் குடிக்கவைத்தேன். போகும்போது அடுத்த செவ்வாய் வருவாயா என்றார். போனேன். அதற்கடுத்த செவ்வாயும். வேலையாக இல்லை, சும்மாதான். மலையைப் பற்றி நாங்கள் பிறகு கதைக்கவில்லை. தை பிறந்து இரண்டாம் கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நித்திரையில் போய்விட்டார் என்று சரணியா எடுத்துச் சொன்னாள்.

அறையில் அப்போது ஒருவரும் இருக்கவில்லையாம். அன்றைக்கு வியாழக்கிழமை.